காணொலிப் பாடம் நடத்தியும் அறிவியல் புரியவில்லை என்றால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. 2018-இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் காணொலிகளுக்கு இட்டுச்செல்லும் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023-இல் பள்ளிக் கல்வித் துறையின் காணொலிப் பாடச் செயலியான மணற்கேணி வந்தது. காணொலி கிடைக்கவில்லை என்ற குறை தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலும் இல்லை. காணொலியைப் போட்டுக் காட்டிய பிறகும் தேர்வுத்தாள் முன்பு போலவே இருக்கிறது என்பதே ஆசிரியர் அறையில் இப்போது அதிகம் கேட்கும் குறை. அதற்குக் கருவியைப் பழிப்பவர்களும் உண்டு, மாணவர்களைப் பழிப்பவர்களும் உண்டு. பழுது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் இரண்டையும் சொல்வது, மின்விசிறி ஓடவில்லை என்றவுடன் விசிறியையே மாற்றச் சொல்வதைப் போன்றது.

ஆகவே முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். காணொலியை மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். திரையை அணைத்துவிட்டு, ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, அதுவரை பார்த்ததிலிருந்து ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கேள்வி காணொலியில் வந்த எடுத்துக்காட்டைப் பற்றியதாக இல்லாமல், அதே கருத்து வேறொரு சூழலில் எப்படி வேலை செய்யும் என்று கேட்பதாக இருக்க வேண்டும். தாள்களைப் பெஞ்சு வரிசைப்படி வாங்கி, அதே வரிசையில் மேசைமேல் பரப்பிப் படியுங்கள். முன் வரிசைத் தாள்கள் நிறைந்தும் பின் வரிசைத் தாள்கள் வெறுமையாகவும் இருந்தால் பழுது அறையில் உள்ளது. எல்லாத் தாள்களிலும் காணொலியின் சொற்களே அப்படியே இருந்து, விடை மட்டும் தவறாக இருந்தால் பழுது பாடம் நடந்த முறையில் உள்ளது. விடையில் உங்கள் பாடநூலில் இல்லாத சொற்கள் வந்திருந்தால் கலைச்சொல் பகுதிக்குச் செல்லுங்கள்.

படம் நடுவில் நின்று சுழல்கிறது, அல்லது ஒலி வருகிறது படம் வரவில்லை

இது எளிதில் தீரும் பழுது. பாடவேளையில் இணையத்தை நம்ப வேண்டாம். பதிவிறக்கம் செய்ய அனுமதி உள்ள காணொலிகளை முந்தைய நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செயலிக்குள்ளேயே சேமிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மிக உயர்ந்த தெளிவு தேவையில்லை. கரும்பலகை அளவுத் திரைக்கு 480 அல்லது 720 தெளிவே போதும், கோப்பும் சிறியதாக இருக்கும். ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால், அந்தக் கோப்பு பெரும்பாலும் ஹெச்.265 என்னும் புதிய குறியாக்கத்தில் இருக்கும். பழைய தொலைக்காட்சிகளும் பழைய மடிக்கணினிகளும் அதைப் படிப்பதில்லை. விஎல்சி மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள், அல்லது ஹெச்.264 முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் பெரிய கோப்பு ஏற மறுத்தால், அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டதாக இருக்கலாம். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. இவை எவற்றையும் மாணவர்கள் முன்னால் சோதிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் கம்பி மாட்டிக் கழற்றிய பிறகு அந்த வகுப்பை மீண்டும் பாடத்துக்குள் கொண்டுவர இன்னும் ஐந்து நிமிடம் ஆகும்.

முன் பெஞ்சு கவனிக்கிறது, பின் பெஞ்சு பேசிக்கொண்டிருக்கிறது

ஒழுங்குப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்வதற்கு முன்னால், நீங்களே கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் காணொலியைப் பாருங்கள். சிமெண்டுச் சுவர், சிமெண்டுத் தரை, தகரக் கூரை கொண்ட அறையில் ஒலி எதிரொலித்துச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதன்மேல் மின்விசிறிச் சத்தமும் சேரும். ஒலியை இன்னும் கூட்டினால் எதிரொலியும் கூடுமே தவிர, சொல் தெளியாது. ஒலிபெருக்கி இரண்டு இருந்தால், அவற்றை முன்னால் வைக்காமல் அறையின் நடுப்பகுதியில் பக்கச் சுவர்களை ஒட்டிக் குறைந்த ஒலியில் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டு நீங்களே பேசுங்கள். என் அனுபவத்தில், ஒலி நிறுத்திய காணொலிக்கு ஆசிரியர் குரல் கொடுக்கும் வகுப்பே பல சமயங்களில் சிறந்த வகுப்பாக அமைகிறது. எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் மாணவர்களின் முகத்தைப் பார்க்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

எழுத்துத் தெரிகிறதா என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. கந்தக அமிலத்தின் மூலக்கூறு வாய்பாடு திரையில் வரும் இடத்தில் நிறுத்தி, அதில் கீழே சிறியதாக வரும் 2, 4 ஆகிய எண்கள் கடைசிப் பெஞ்சிலிருந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்த வகுப்பில் வேதியியல் காணொலி ஓடுவதில் பயனில்லை. சன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி திரையை நகர்த்துவது, கறுப்புத் துணி கட்டுவதைவிட எளிது, காற்றும் தடைபடாது.

"புரிந்தது சார்" என்கிறார்கள், தேர்வில் எழுத முடியவில்லை

இந்த வழிமுறையின் பெரும்பகுதி இந்த ஓர் அறிகுறிக்கு உரியது. காணொலிப் பாடத்துக்கே உரிய நோய் இதுதான். நன்றாகத் தயாரிக்கப்பட்ட காணொலியில்தான் இந்த நோய் முற்றும் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

பத்தாம் வகுப்பின் முதல் பாடமான இயக்க விதிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறிகிறோம். கையை விட்டு நீங்கிய பந்து பாதித் தொலைவு ஏறியிருக்கும்போது அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியிட்டுக் காட்டச் சொல்லுங்கள்; காற்றுத் தடையை விட்டுவிடலாம் என்றும் சொல்லுங்கள். பெரும்பாலோர் மேல்நோக்கி நீண்ட அம்பு ஒன்றும் கீழ்நோக்கிக் குட்டை அம்பு ஒன்றும் வரைவார்கள். பந்து மேலே போகிறது என்றால் அதை மேலே தள்ளும் விசை ஒன்று அதனுடனேயே போகிறது என்பது அவர்கள் மனத்தில் ஊறிய எண்ணம். சரியான விடை கீழ்நோக்கிய ஒரே அம்பு, அதாவது புவியீர்ப்பு விசை மட்டும். இப்போது நியூட்டனின் இரண்டாம் விதியை மிக அழகாக விளக்கும் காணொலி ஒன்றைக் காட்டிவிட்டு, அதே படத்தை மறுபடியும் வரையச் சொல்லுங்கள். அம்புகள் மாறியிருக்கமாட்டா. காணொலி தவறாக எதுவும் சொல்லவில்லை. மாணவரின் தவறான எண்ணத்தைத் தொடவும் இல்லை. விசை, நிறை, முடுக்கம் என்ற சொற்கள் காதில் விழும்போது, தமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் காணொலி சொல்கிறது என்று அவர்கள் நிறைவாகத் தலையாட்டிவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதையே சோதித்தார். அந்த ஆய்வேடு 2008-இல் வந்தது. கருத்தை நேராகவும் தெளிவாகவும் விளக்கும் காணொலியை ஒரு பிரிவினருக்கும், மாணவர் ஒருவர் தம் தவறான எண்ணத்தைச் சொல்லி, அது உரையாடலில் சோதிக்கப்படும் காணொலியை இன்னொரு பிரிவினருக்கும் காட்டினார். முதல் பிரிவினர் தாங்கள் பார்த்த காணொலி தெளிவாக இருந்தது என்றார்கள். அவர்களுடைய மதிப்பெண் உயரவில்லை என்றே சொல்லலாம். இரண்டாம் பிரிவினர் குழப்பமாக இருந்தது, மெனக்கெட வேண்டியிருந்தது என்றார்கள். அவர்களுடைய மதிப்பெண்ணே உயர்ந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரின் குழு வகுப்பறைச் செய்துகாட்டல்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கட்டுரையும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. சோதனையைச் சும்மா பார்த்த மாணவர்கள், பார்க்காதவர்களைவிடப் பெரிதாக மேம்படவில்லை; என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்கள் கூடுதலாகக் கற்றார்கள்.

ஆகவே நீக்கும் முறை இதுதான். காணொலியை முந்தைய நாள் நீங்கள் பார்க்கும்போதே, முடிவு தெரியவரும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அந்த நொடிக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அடுத்து என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதி, தாளை மடித்துவிட வேண்டும். மடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வகுப்பறைகளில் கையைத் தூக்கச் சொன்னால், முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற கைகள் எழும். அது முப்பது பேரின் கணிப்பாகாமல் ஒருவரின் கணிப்பாகவே நிற்கும். எழுதி முடித்த பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடலாம், மனம் மாறினால் இரண்டாவது வரியில் எழுதலாம், முதல் வரியை அடிக்கக் கூடாது. அதன் பிறகே காணொலியை ஓட்ட வேண்டும். முடிவு தெரிந்ததும், தான் எழுதியதற்கும் கண்டதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தன் சொற்களில் ஒரு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். தாள்களைக் கலைத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் இரண்டு மூன்றைப் படித்துக் காட்டுங்கள். தவறாகக் கணித்தவர் யார் என்று ஒரு முறை வெளியே தெரிந்துவிட்டால், அடுத்த வகுப்பில் எல்லாத் தாளிலும் பாடநூல் வரிதான் இருக்கும்.

இதற்குப் பொருத்தமான ஒரு காட்சி, 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு கையிலிருந்து சுத்தியலையும் மறு கையிலிருந்து இறகையும் விட்ட பதிவு. அவர் கைகளை விரிக்கும் முன் நிறுத்தி, எது முதலில் விழும் என்று மட்டும் கேட்டால் போதாது. இரண்டும் ஒன்றாக விழும் என்பதைக் கேட்டுப் பழகியவர்கள் பலர் இருப்பார்கள். இங்கே விழுவதைவிட அங்கே விரைவாக விழுமா, மெதுவாக விழுமா, அல்லது விழவே விழாதா என்று சேர்த்துக் கேளுங்கள். நிலவில் காற்று இல்லை, ஆகவே ஈர்ப்பும் இல்லை என்று எழுதும் தாள்கள் அப்போதுதான் வெளியே வரும். நிலவின் பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 1.6 மீ/வி², ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழ அங்கே சுமார் 1.4 நொடியும் இங்கே சுமார் 0.55 நொடியும் ஆகும். இந்தக் கணக்கை மாணவர்களே போட்டுவிட்டுக் காணொலியை மீண்டும் ஒரு முறை பார்க்கட்டும். முதல் முறை வேடிக்கையாகத் தெரிந்தது இரண்டாம் முறை சான்றாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு காணொலிக்கும் ஐந்து இடங்களில் நிறுத்தினால் மாணவர்கள் சலித்துவிடுவார்கள். ஒரு பாடவேளைக்கு ஒரு பெரிய கணிப்பு, ஒன்றிரண்டு சிறு கேள்விகள் என்பதே என் அளவு.

விடை சரிபோலத் தெரிகிறது, சொற்கள் பாடநூலோடு ஒட்டவில்லை

தமிழில் அறிவியல் காணொலி தேடும் மாணவர் தமிழ்நாட்டுக் காணொலியோடு நிற்பதில்லை; யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ எடுக்கப்பட்ட அருமையான பாடங்களும் அதே தேடலில் கிடைக்கின்றன. அவற்றின் தரத்தில் குறையில்லை. கலைச்சொல் மரபு வேறு. நம் பாடநூலில் முடுக்கம் என்பது அங்கே ஆர்முடுகல், ஒளிச்சேர்க்கை என்பது ஒளித்தொகுப்பு, செல் என்பது கலம், ஆக்சிஜன் என்பது ஒட்சிசன். இவை புதிய சொற்கள் என்பதால் மாணவர் திகைத்து நின்று கேட்பார். ஆகவே பெரிய தீங்கு இல்லை. தீங்கு செய்பவை இரு மரபிலும் உள்ள பொதுச் சொற்கள். தமிழ்நாட்டில் நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, கிலோகிராமில் அளக்கப்படுவது. இலங்கைப் பாடநூல் மரபில் அதற்குத் திணிவு என்று பெயர். அங்கே நிறை என்றால் நாம் எடை என்று சொல்லும் விசை, நியூட்டனில் அளக்கப்படுவது. அதேபோல் நாம் வேகம், திசைவேகம் என்று பிரிப்பதை அவர்கள் கதி, வேகம் என்று பிரிக்கிறார்கள். ஆகவே "நிலவுக்குச் சென்றால் நிறை ஆறில் ஒரு பங்காகும்" என்று இலங்கைக் காணொலி சொல்வது அங்கே முழுக்கச் சரி. அதையே நம் மாணவர் பொதுத்தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும். அவருக்கு ஏன் போனது என்றும் தெரியாது.

இதற்காக அந்தக் காணொலிகளைத் தடை செய்ய வேண்டாம். வகுப்பறைச் சுவரில் பாடநூல் சொல், காணொலிச் சொல் என இரண்டு நெடுவரிசை கொண்ட ஒரு தாளை ஒட்டி, மாணவர்கள் காணும் ஒவ்வொரு மாறுபட்ட சொல்லையும் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அலகைப் பார்த்துச் சொல்லை அடையாளம் காணும் பழக்கத்தையும் கற்றுக்கொடுங்கள். நியூட்டன் என்று வந்தால் அது விசை, கிலோகிராம் என்று வந்தால் அது நம் நிறை. பெயர் எதுவானாலும் அலகு மாறாது. ஆங்கிலக் காணொலிகளைத் தமிழ்வழி மாணவர்களுக்குக் காட்டும்போது, முக்கியச் சொற்கள் ஆறேழைத் தமிழில் கரும்பலகையில் முன்பே எழுதிவையுங்கள். காணொலியில் அந்தச் சொல் ஒலிக்கும்போதெல்லாம் விரலால் சுட்டிக் காட்டினாலே போதும், நிறுத்தி மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

காணொலி முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் பள்ளியின் கணினி ஆய்வகமான ஹைடெக் லேபுக்கு அழைத்துச் சென்று உட்கார வைக்க ஏழெட்டு நிமிடம் போய்விடுகிறது. எஞ்சியதில் பதினெட்டு நிமிடக் காணொலியை ஓட்டினால் கணிப்புக்கும் விவாதத்துக்கும் இடமில்லை. எடெக்ஸ் என்னும் இணையவழிப் படிப்புத் தளத்தின் ஏறத்தாழ 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, காணொலி எவ்வளவு நீளமானாலும் பார்ப்பவர் ஒட்டியிருக்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று காட்டியது. அந்த எண்ணைத் தனியாக, விரும்பும்போது மூடிவிட்டுப் போகும் இணையப் பார்வையாளரிடமிருந்து எடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டு, ஆறு நிமிடம் என்பதையே வேதவாக்காகச் சொல்பவர்கள் உண்டு. வகுப்பறைக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் முழுக் காணொலியை ஓட்டியாக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. அறிமுக இசை, வணக்கம், கற்றல் நோக்கங்கள் ஆகியவற்றைத் தாண்டி, அசைவைக் காட்டினால்தான் புரியும் பகுதி எதுவோ அதை மட்டும் காட்டுங்கள். பெரும்பாலான பாடங்களில் அது நான்கு நிமிடத்துக்குள் அடங்கும்.

வீட்டில் பார்த்து வரச் சொன்னால் யாரும் பார்த்து வருவதில்லை

விரிவுரையை வீட்டில் காணொலியாகப் பார்த்துவிட்டு, வகுப்பில் கணக்கும் சோதனையும் செய்யும் முறையை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து உட்லேண்டு பார்க் உயர்நிலைப் பள்ளியில் ஜோனத்தன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007-இல் தொடங்கிப் பரப்பினார்கள். வீட்டில் இணையம் இல்லாத மாணவர்களுக்கு அவர்களே குறுந்தகடுகளில் பதிந்து கொடுத்தார்கள் என்ற பகுதியை, இந்த முறையை இங்கே பரிந்துரைப்பவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் மாணவர் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது; அவர் வேலை முடிந்து வர இரவு ஒன்பதாகிறது; அன்றைய டேட்டா அதற்குள் தீர்ந்திருக்கிறது; தங்கைக்கும் அதே போனில் வீட்டுப்பாடம் இருக்கிறது. நான் ஒரு முறை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிக் கணக்கெடுத்தேன். காணொலியைப் பார்க்காத பதினேழு பேரில் சோம்பலால் பார்க்காதவர்கள் நான்கு பேர்தான். எழுந்து நிற்கச் சொன்னது தவறு என்பதும் அன்றே புரிந்துவிட்டது. இப்போது சீட்டில் எழுதச் சொல்கிறேன்.

நீக்கும் வழி: நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவரிடமாவது போன் இருக்கும்படி அமைத்து, தெருவை வைத்துக் குழு பிரியுங்கள், வரிசை எண்ணை வைத்துப் பிரிக்க வேண்டாம். கோப்பைச் சிறியதாக்கிப் பள்ளியிலேயே புளூடூத்தில் கொடுத்தனுப்பினால் டேட்டா தேவைப்படாது. உணவு இடைவேளையில் இருபது நிமிடம் ஆய்வகத்தைத் திறந்துவைக்கத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பார்க்காமல் வந்தவர்களுக்காகக் காணொலி முழுவதையும் வகுப்பில் திரும்ப நடத்தாதீர்கள்; அப்படிச் செய்தால் பார்த்து வந்தவர்களும் அடுத்த முறை பார்க்கமாட்டார்கள். அவர்களை அறையின் ஒரு மூலையில் மடிக்கணினியோடு உட்காரவைத்து, மற்றவர்களைக் கணக்குக்கு அனுப்புங்கள்.

விடைத்தாளில் நீல நிற இரத்தம் ஓடுகிறது

அசைபடங்களில் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நீலமாகக் காட்டுவது ஒரு குறியீட்டு வழக்கம். மனித இரத்தம் எங்கும் எப்போதும் சிவப்பே. ஆக்சிஜன் குறைந்தால் கருஞ்சிவப்பாகும், அவ்வளவுதான். எலக்ட்ரானுக்கு நிறம் இருக்கிறது, அணுக்கரு நெல்லிக்காய் அளவில் அணுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது, சூரியனுக்குப் பக்கத்திலேயே பூமி சுற்றுகிறது என்பன போன்ற எண்ணங்களும் திரையிலிருந்தே வருகின்றன. காணொலி அளவை விகிதப்படி காட்ட முடியாது; காட்டினால் திரையில் ஒன்றுமே தெரியாது. ஆகவே இத்தகைய காட்சி வரும்போது, இதில் உண்மை எது, வசதிக்காக வரைந்தது எது என்று மாணவர்களிடமே கேளுங்கள். விகிதத்தைத் திரைக்கு வெளியே காட்டுவது எளிது. பூமியை 2 மில்லிமீட்டர் கடுகாக வைத்துக்கொண்டால் சூரியன் சுமார் 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்து. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 23 மீட்டர். பள்ளித் தாழ்வாரத்தின் ஒரு முனையில் பந்தையும் மறுமுனையில் கடுகையும் வைத்துவிட்டால், அந்த வகுப்புக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

காணொலி சொல்வதே தவறாக இருக்கிறது

இது நினைப்பதைவிட அதிகம். தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கண்ணாடிக் குவளையால் மூடினால் நீர் உள்ளே ஏறும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தை நீர் நிரப்புகிறது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதற்கு இதுவே சான்று என்று பல காணொலிகள் சொல்கின்றன. நீர் ஏறுவதற்கு முதன்மைக் காரணம், சூடாகி விரிந்த காற்று சுடர் அணைந்த பின் குளிர்ந்து சுருங்குவதே. இதைச் சொல்லித் திருத்துவதைவிட, செய்து காட்டித் திருத்துங்கள். ஒரே அளவுக் குவளையில் முதலில் ஒரு மெழுகுவர்த்தி, பிறகு மூன்று மெழுகுவர்த்தி. உள்ளே இருந்த ஆக்சிஜன் இரண்டு முறையும் ஒன்றே. ஆனால் மூன்று வைத்தால் நீர் உயரமாக ஏறும். சுடர் எரியும்போது நீர் மெல்ல மெல்ல ஏறாமல், அணைந்த பிறகே விரைந்து ஏறுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். தவறான காணொலியைக் கண்டுபிடித்த மாணவர் அந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு காணொலியையும் சந்தேகத்தோடு பார்ப்பார். அது நமக்கு இலாபம்.

பத்து முறை பார்த்தும் செய்முறைத் தேர்வில் கை நடுங்குகிறது

பத்தாம் வகுப்பு அறிவியலில் 100-க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. ஆய்வகத்துக்கு மாற்றாகக் காணொலியைக் காட்டிவிட்ட வகுப்புகளில் இந்த அறிகுறி தவறாமல் தோன்றும். குவிலென்சின் குவியத் தொலைவைக் காண ஒரு லென்சும் சன்னலும் எதிர்ச்சுவரும் இருந்தால் போதும். தொலைவில் உள்ள மரம் சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும் தொலைவே ஏறத்தாழக் குவியத் தொலைவு. இதற்குக் காணொலி போடுவதில் பொருளில்லை. பொட்டாசியத்தை நீரில் இடுவது போன்ற ஆபத்தான வினை, விதை முளைப்பது போல நாள் கணக்கில் நடப்பது, நம் நுண்ணோக்கிக்கு எட்டாதது ஆகியவற்றுக்கு மட்டும் காணொலியை மாற்றாக ஏற்கலாம்.

மேல்நிலை வேதியியல் பருமனறி பகுப்பாய்வில் ஒரு குறிப்பிட்ட குழப்பம் காணொலியிலிருந்து வருகிறது. பியூரெட் என்னும் அளவுக்குழாயில் நிறமற்ற கரைசலின் கீழ்ப் பிறைத்தளத்தை, அதாவது வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதியைப் பார்த்து அளவு எடுக்க வேண்டும் என்று ஒரு காணொலி சொல்லும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் காட்டும் காணொலியில் மேல் விளிம்பைப் பார்த்து எடுப்பார்கள். இரண்டும் சரி. கரு ஊதா நிறக் கரைசலில் கீழ்ப் பிறைத்தளம் கண்ணுக்குத் தெரியாது. தொடக்க அளவையும் இறுதி அளவையும் மேல் விளிம்பிலேயே எடுத்தால் வித்தியாசம் மாறுவதில்லை. இதை விளக்காவிட்டால், தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் மற்றொன்றுமாக எடுத்துவிடுவார்கள்.

இன்னொரு துணை அறிகுறி, எல்லா நோட்டிலும் ஒரே அளவீடு இருப்பது. காணொலியில் சோதனை ஒருபோதும் தவறுவதில்லை. ஆகவே தம் அளவீடு மாறி வந்தால் மாணவர்கள் அதை அழித்துவிட்டுக் காணொலியின் எண்ணை எழுதுகிறார்கள். அவர்களையே காணொலி எடுக்க வைப்பதுதான் நான் கண்ட மருந்து. 1.25 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தை விட்டுச் சாதாரணப் போனில் நொடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம்) என்ற அளவில் படம் பிடித்து, விஎல்சியில் ஆங்கில ஈ எழுத்து விசையை அழுத்தி ஒவ்வொரு சட்டகமாக எண்ணட்டும். ஏறத்தாழ 15 சட்டகம் வரும், அதாவது அரை நொடி. ஒரு குழுவுக்கு 14-ம் இன்னொரு குழுவுக்கு 16-ம் வரும். அவற்றிலிருந்து கணக்கிடும் ஈர்ப்பு முடுக்கம் 11.5 என்றும் 8.8 என்றும் விலகும். ஒரு சட்டகத்தின் பிழை விடையை இவ்வளவு நகர்த்துகிறதே என்று அவர்கள் கேட்கும்போது அளவீட்டுப் பிழையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அதுவரை பேசினால் காதில் ஏறாது.

மின்சாரம் போய்விட்டது

நிறுத்திய நொடியை எப்போதும் கரும்பலகை ஓரத்தில் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால், இதற்குத் தனி மருந்து தேவையில்லை. கணிப்புத் தாள்கள் மடிக்கப்பட்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால், மணி அடிக்கும்வரை பக்கத்தவரோடு வாதாட விடுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தாள்களை வாங்கி உறையில் போட்டு வகுப்புத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த நாள் பலகையில் உள்ள அதே நொடியிலிருந்து ஓட்டுங்கள்.